எடைமேடைத் தோட்டம்

வேலந்தாவளம். மூடிய செக்போஸ்ட்.
அறுபத்திரண்டு சென்ட்.
பஞ்சாயத்துக் கடிதத்தில் இருப்பது இவ்வளவு:
பூங்கா. இன்டர்லாக் கல். கொரியன் புல்.
ராயல் பனை பதினாறு, இரு பக்கமும்.

ராயல் பனை எதற்கு என்று கேட்டேன்.
ஓவர்சியர் ரெஜினால்டு மேற்கே கைகாட்டினார்.
"பாலக்காட்டு பைபாஸில் வெச்சிருக்கு மேடம்."
அவர் கை போன திசையில்
நூறு கரும்பனையாவது நின்றிருக்கும்,
கணவாய்க் காற்றுக்கு ஒரே பக்கம் தலைவாரிக்கொண்டு.

டேப்பின் ஒரு முனையை ஆணியில் மாட்டி உள்ளே போனேன்.
முதல் நாள் மரங்களை எண்ணினேன்.
இரண்டாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டு
யார் கொண்டுவந்தது என்று எழுத ஆரம்பித்தேன்.

சீத்தா ஏழு, சிமெண்டுத் தரையின் விரிசலில்.
விரிசலின் நீளம் ஒரு லாரி.
சோலாப்பூர்ச் சரக்கு, மூன்று ராத்திரி;
டிரைவரும் கிளீனரும் கூடையில் கைவைத்திருக்கிறார்கள்.
புளி இரண்டு, கிருஷ்ணகிரி,
தார்ப்பாயை அவிழ்த்துக் காட்டச் சொன்ன இடத்தில்.
வடகிழக்கு மூலை முழுக்கச் சீமைக்கருவேலம்:
அங்கேதான் ஆட்டு லாரி நிற்கும்.
ராமநாதபுரத்தில் தின்ற காயை இங்கே போட்டுவிட்டு
ஆடுகள் திருச்சூர் போயின.
திரும்பவில்லை.
கோதுமை மூட்டையோடு வந்த பார்த்தீனியம்
எல்லா இடத்திலும், சீட்டு வாங்காமல்.
ரசீதுக் கவுண்டரின் ஜன்னலுக்கு நேர் கீழே
செண்டுமல்லி.
ஓணத்துப் பூ லாரியைத்தான் அதிகம் மடக்குவார்களாம்.
வாடுகிற சரக்குக்காரன் சீக்கிரம் கொடுத்துவிடுவான்.
சொன்னது டீக்கடை ஆரோக்கியமேரி.

எடைமேடைக் குழி.
ஆழம் ஒன்று புள்ளி எண்பத்தைந்து.
இரும்பை ஏலத்தில் எடுத்துப் போனபின்
மழை வந்து உட்கார்ந்திருக்கிறது.
நாற்பது டன் ஏறி நின்ற இடத்தில்
தவளை முட்டை, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி.
பிளானில் இதற்குக் குறியீடு கிடையாது.
நீலத்தில் ஒரு கட்டம் போட்டு
சும்மா எட்டுப் புள்ளி வைத்தேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சுமைதாங்கி.
படுக்கைக் கல் என் கழுத்துயரம்.
வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்கு நட்டது; பெயர் தேய்ந்துவிட்டது.
தூக்கிவிட ஆளில்லாதவர்கள்
தாமே இறக்கி, தாமே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்,
கொல்லங்கோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ.
காலடியில் ஒரு வேம்பு, ஒரு ஆல், பெயர் தெரியாத கொடி.

சாயங்காலம் மரங்களின் வயதைக் கணக்கிட்டேன்.
கடைக்குட்டி ஒரு சப்போட்டா.
இரண்டாயிரத்துப் பதினேழு, ஜூலைக்கு முன்னால்.
அதற்குப் பிறகு வரி மாறியது.
கொட்டை துப்ப நேரமில்லாமல்
இரண்டு மாநிலத்தையும் ஒரே கியரில் கடக்கிறார்கள்.

நல்லதுதான்.
மூன்று ராத்திரி கொசுக்கடியில் கிடந்தவனிடம் போய்
உன் அலுப்பு எவ்வளவு அழகான தோப்பாகியிருக்கிறது பார் என்று
சொல்ல எனக்கு வாய் வராது.

பிளான் போட்டேன்.
கொரியன் புல்லை அடித்தேன். ராயல் பனையையும்.
தெற்கே இரண்டு லாரி அகலத்துக்கு மண் தரை;
புளி நிழல் ஏற்கெனவே அங்கே விழுகிறது.
ஒரு குழாய்.
கழுத்துயரத்தில் ஒரு கல்.
யாரும் மடக்காமல் நிற்கிறவன் நிற்கட்டும்.
முள்ளை எடுக்க வேண்டும்,
பார்த்தீனியத்தை அது பூக்குமுன்.
மற்றபடி கைவைக்க வேண்டாம்.

ரெஜினால்டு எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.
"'கைவைக்க வேண்டாம்'னா அளவு என்ன? யூனிட் என்ன?
சைபர் போட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

வரிசை எண் பதினொன்றில் எழுதினேன்:
காத்திருத்தல். ஆள் ஒன்று. நாள் —
பேனாவை அவர் வாங்கிக்கொண்டார்.
முந்நூற்றறுபத்தைந்து என்று எழுதினார்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பி, சத்தமாக:
"காத்திருக்க என்ன ரேட்டு சேச்சி?"

"ஒரு ராத்திரிக்கு எட்டு டீ" என்றார் ஆரோக்கியமேரி,
பால் பொங்குவதைப் பார்த்தபடி.