எண்ணை அழுத்தவும்

லிஃப்டில் ஏறினால்
குரோயிவா பொத்தானைத் தொடமாட்டார்.
நான்தான் அழுத்துவேன், ஏழாம் மாடி.

ஃபுகுவோகா சிறையில்
மூன்று பொத்தான்கள், மூன்று காவலர்கள், ஒரே நொடி.
எது காலடிக் கதவைத் திறந்ததென்று
எவருக்கும் தெரியாது.
அதுதான் கருணையாம்.
அன்று உறையில் வந்த இருபதாயிரம் யென்
அரிசிப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது,
பிரிக்காமல்.

நேற்றிரவு தொலைபேசியில் ஒரு பதிவுக் குரல்.
கருத்துக் கணிப்பு.
மரண தண்டனை நீடிக்க வேண்டுமெனில் ஒன்றை,
ஒழிய வேண்டுமெனில் இரண்டை,
சொல்லத் தெரியாவிட்டால் மூன்றை அழுத்தவும்.

அடுப்பில் மீன். திரும்பிப் பார்த்தேன்.
கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கியபடி
நின்றிருந்தார் என் கணவர்.

தங்கள் பதில் பதிவாகவில்லை என்றது குரல்.
மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

லிஃப்டில் போலவே
என் பக்கம் நீட்டினார்.

எனக்குக் கையெல்லாம் மாவு.