கும்பிடு

முதலில் அதைக் கும்பிடு என்றுதான் நினைத்தோம்.
ஆறாம் மாதம். பாயில் கிடந்த பிள்ளை
கை இரண்டையும் விரித்துக் கூட்டி
தலை கவிழ்ந்து, நிமிர்ந்து, மறுபடி கவிழ்ந்து,
பத்து, பதினொன்று.
பக்கத்து வீட்டு அன்னக்கிளி அக்கா
"சாமி பிள்ளைடா இது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
நான்தான் போனில் படம் பிடித்துக்
குடும்பக் குழுவில் போட்டேன்.
எத்தனை பூ, எத்தனை கைகூப்பு.

புனிதமலர் மட்டும் சிரிக்கவில்லை.
"கும்பிட்டு முடிச்சா ஏங்க அழுவுது?"

அலோர் ஸ்டாரில் டாக்டர் சுரைடா
அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தார்.
எழுந்துபோய் அறை விளக்கை அணைத்துவிட்டு
ஊதா விளக்கொன்றைப் பிள்ளைமேல் பிடித்தார்.
தொடையில், இடுப்பில், விலாவில்
வெள்ளை வெள்ளையாய் மிதந்து வந்தன இலைகள்.
குளிர் தேசத்து மரம் ஒன்றின் இலை மாதிரியாம்.
பதினேழு வருடம் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டுகிறேன்,
அந்த மரத்தை நான் பார்த்ததில்லை.
தோலில் இலை, மூளையில் முடிச்சு,
வித்து ஒன்றுதான் என்றார்.

பிறகு என்னிடம், மலாயில், மெதுவாக:
சட்டையைக் கழற்றுங்கள்.

என் முதுகையும் நான் பார்த்ததில்லை.
புனிதமலர் பார்த்திருக்கிறாள்.
தேமல் என்று குப்பைமேனி அரைத்துப் பூசியிருக்கிறாள்.
இருட்டில் அவள் குரல் எண்ணியது:
ஒன்று. ரெண்டு.
மூணு.

கிரகணத்தில் வெளியே போனவள் என்று
என் அம்மா ஒரு வருடமாய்ப் பேசியதற்கு
அவள் பதில் சொன்னதில்லை.
அன்றும் சொல்லவில்லை.
சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.
இப்போது அம்மா பீடோங்குக்கு வந்தால்
நான் வெற்றுடம்போடு
முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

மூணு அஞ்சு புத்தகத்தில்
முன்பக்கம் சாமான் கடைக் கடன்,
பின்பக்கம் வலிப்பு.
செவ்வாய் பதினாலு. புதன் ஒன்பது. வியாழன் முப்பத்தொன்று.
கடனாவது சம்பளத்தன்று குறைகிறது.
கண்ணின் ஓரத்தைத் தின்னக்கூடும் என்று
கையெழுத்து வாங்கிக் கொடுத்த முதல் மருந்து
நாலு மாதம் கேட்டது.
இரண்டாவது கேட்கவே இல்லை.
மூன்றாவதைத் தூக்கம் என்றே சொல்லலாம்.

போன வெள்ளி, மாரியம்மன் கோயில்.
மூன்று வயது தேவஷினி
என் தோளிலிருந்து இறங்கி நின்று
கை இரண்டையும் கூட்டித்
தலை கவிழ்ந்தாள்.
தீபாராதனைச் சத்தத்தில்
நானும் புனிதமலரும் ஒரே நேரத்தில்
எண்ண ஆரம்பித்தோம்.

ஒன்றோடு நின்றது.

புத்தகத்தை எடுத்தாள்.
எழுதவில்லை.