ஏழாம் சட்டம்

பனிச்சங்கேணிப் பாலத்துக்குத் தெற்கே
சேற்றில் பன்னிரண்டு சட்டங்கள் நட்டோம்,
நானும் முபீதும்.
ஆறுக்குத் திறந்த வானம்.
ஆறுக்குப் பொலித்தீன் சுவர்,
காபனீரொட்சைட்டு உருளை,
இன்னும் அறுபது வருடம் கழித்து
வரவேண்டிய காற்று.

கோரைக்கு அது பிடித்துக்கொண்டது.
முழங்கால் தாண்டி
இடுப்பைத் தொட்டது.
உமரி எதையும் கவனிக்கவில்லை,
தன்பாட்டில் சிவந்தது.

ஆனி பிறக்கக் கச்சான் அடித்தது.
வாவி பின்வாங்கிய இடமெல்லாம் உப்பு.
காற்றைத் தின்று கொழுத்த கோரையும்
நுனியிலிருந்து கருகிற்று,
மற்றதைப் போலத்தான்,
கொஞ்சம் பிந்தி.
ஏழாம் சட்டத்தில் மட்டும்
அடித்தண்டில் பச்சை மிச்சம்.

அதை முதலில் கண்டது
அழகுப்போடியின் எருமை.

கிழிந்த பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தார்.
"இதுக்குள்ள என்னத்தப் போட்டநீங்க புள்ள?"
"காத்து."
"காத்தா?" சிரித்தார்.
"அப்ப என்ட வயலுக்கும்
கொஞ்சம் அடிச்சு விடுங்களன்."

அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம் ஐயா,
நீங்கள் வந்த மோட்டார்சைக்கிளும்
எங்கள் வானும்.
சொல்லவில்லை.
தாளில் எழுதினேன்:
ஏழு, தரவு இல்லை.

மிஞ்சிய தண்ணீரில் வயிறளவு நின்று
யாரும் இன்னும் பார்க்காத வருடத்தின் புல்லை
அசைபோட்டது எருமை.