அலகு எட்டாத இடம்

தார்த்துவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
ரேடியேட்டர் இரவெல்லாம் எரிந்து
வீட்டுக் காற்று அப்பளமாய்க் காய்ந்து கிடக்கிறது.

கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாள்மேல்
காலைதோறும் சாம்பல் இறகுகள்.
பருவம்தான், பழையது போய்ப் புதியது வரும்
என்று ஜாம் பாட்டிலில் போட்டுவைத்தாள் மாரிகா.
பாட்டில் நிறைந்தது.
புதியது வரவில்லை.

சிவப்பு வாலிறகு ஒன்றும் விழுந்த அன்று
பிப்பரைத் துண்டில் சுற்றிக்கொண்டு பேருந்து ஏறினாள்.
"கோழியா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
ஆமாம் என்றாள்.

உதிர்ந்ததா, உதிர்த்ததா?
ஒரே ஒரு மெய்யெழுத்துதான் மாறுகிறது.
மருத்துவர் கெர்ஸ்டி அதைத்தான் தேடினார்
விளக்கைத் தாழ்த்தி, தோலை ஊதி ஊதி.
பேன் இல்லை. இரத்தத்தில் குறையில்லை.
"தலையைப் பாருங்கள்."
உச்சி முதல் தாடை வரை ஒரு தூவி கலையவில்லை.
கழுத்துக்குக் கீழே
கடையில் உரித்துத் தொங்கவிட்டது போல.
"தன் அலகு தன் தலைக்கு எட்டாது.
எட்டாத இடம் மட்டும் பிழைத்திருக்கிறது."

வீட்டில் என்ன மாறியது?
திரைச்சீலை, என்றாள். சூரியகாந்தி விதை வேறு கடையில் வாங்கினேன்.
கோட்டின் கடைசிப் பொத்தானைப் போடும்போது சொன்னாள்:
உர்மாஸ் ஹெல்சிங்கி போய்விட்டான், கட்டட வேலைக்கு.
சீட்டியடித்துக்கொண்டே பாத்திரம் கழுவுவான்.

மருந்துச் சீட்டில் மருந்து இல்லை.
தினமும் குளிப்பு. பகலுக்கு ஒரு விளக்கு.
கிழிக்க அட்டைப்பெட்டிகள்.
அப்புறம்,
"பிடுங்கும்போது ஓடிப் போகாதீர்கள்.
பிடுங்கினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும்."

பேருந்தில் அந்த வரி மட்டும் கூடவே வந்தது.
டிசம்பரில் அவளுக்குக் காய்ச்சல்.
உர்மாஸ் தினமும் அழைத்தான்.
காய்ச்சல் விட்டது,
அழைப்பும்.

பிப்ரவரி கடைசியில்
மார்பில் ஒற்றை முளை:
பேனா மூடிக்குள் போல உறைக்குள் சுருண்டு,
அடியில் நீலமாய் இரத்தம் ஓட.
தொடக்கூடாது என்பதால்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.
குழாயைத் திறந்தால்
பிப்பர் அவனுடைய சீட்டியை அடித்தது,
அவன் தவறவிடும் அதே இடத்தில் தவறவிட்டு.

நேற்று இரவு, இருட்டில், "டக்."
எழவில்லை அவள்.
கைகளைத் தொடைக்கடியில் வைத்தபடி
அடுத்த டக்குக்குக் காத்திருந்தாள்.
வரவில்லை,
அல்லது அதற்குள் தூங்கிவிட்டாள்.