பார்ப்பு

ஞாயிறு விடியுமுன்பே இலியாஸ் ஹாரன் அடிப்பான்.
ஆறு நாள் நார் மில்லில் விழுங்கிய தூசியை
ஆம்பராம்பாளையம் பாலத்தில் இருமித் துப்பிவிட்டு
மேற்கே போவோம்.
கோவிந்தாபுரம் தாண்டினால் லாட்டரிக் கடைகள், நேந்திரங்காய்க் குலைகள்.
பலகைகளில் எழுத்து உருண்டுகொள்ளும்.
ஆனிக் காற்று எதிரே வந்து
வண்டியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.

தூண்டில் தவணையில் வாங்கியது.
மூவாயிரத்து நானூறு. இன்னும் இரண்டு மாதம் கட்ட வேண்டும்.
நுனியில் ரப்பர் தவளை:
பச்சை முதுகு, வெள்ளை வயிறு,
வயிற்றை ஒட்டி மேல்நோக்கி இரண்டு கொக்கி.
வரப்பிலிருந்த நிஜத் தவளைகள்
அதைப் பார்த்ததும் குதித்து மறைந்தன.

குளத்துக்கு ஏதோ பெயர் உண்டு, எங்களுக்குத் தெரியாது.
இந்தப் பக்கம் நாற்று நட்ட வயல், அந்தப் பக்கம் மாந்தோப்பு.
அல்லி இலைமேல் இலைக்கோழி
நீள விரல்களை எண்ணி எண்ணி வைத்தது.
மோட்டார்க் கொட்டகைக் கூரையில் நீர்க்காகம்
சிறகைக் காயப்போட்டிருந்தது.
ஆள்காட்டி மட்டும்
வண்டியை நிறுத்திய நொடியிலிருந்து
ஊருக்கெல்லாம் எங்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பத்தரை வரை ஒன்றுமில்லை.
பாசி வந்தது. ஒற்றைச் செருப்பு வந்தது.
அப்புறம்தான் பார்த்தேன்,
கோரைக்குப் பக்கத்தில் நீர் சிவந்து கொதிப்பதை.
ஒரு முறத்தளவு இருக்கும்.
மிளகாய்த்தூளைக் கொட்டியது போல்.
நகர்ந்தது, நின்றது,
மூச்செடுக்க நூறு வாய்கள் மேலே வந்து போயின.

"விரால் குஞ்சுடா" என்றான் இலியாஸ், குரலைத் தாழ்த்தி.
"அடியில தாய் நிக்கும். தகப்பனும் நிக்கும்.
செவப்பு மேலயே போடு.
பசிக்குக் கடிக்காது அது.
கோவத்துக்குக் கடிக்கும்."

மடையோரம் ஃபுட்வால்வைக் கழற்றிச்
சேறு வழித்துக்கொண்டிருந்த தேவு
நிமிராமலே சொன்னாள்:
"பார்ப்புண்டு அவிடெ."

பார்ப்பு.
ஒன்பதாம் வகுப்பில்
இந்தச் சொல்லுக்காக பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன்.
கன்று, குட்டி, குருளை வரை ஒப்பித்து
அடுத்தது வாயில் வராமல்.
பரீட்சையோடு செத்துவிட்டதென்று இருந்தேன்.
எல்லை தாண்டி எட்டு கிலோமீட்டரில்
முழங்கால் சேற்றோடு ஒருத்தி
உப்பு இருக்கு என்பது போல் சொல்கிறாள்.
எச்சரித்தாளா, இடம் காட்டினாளா?
கேட்டிருக்கலாம்.

கை அதற்குள் வீசிவிட்டிருந்தது.

தவளை சிவப்பின் நடுவில் விழுந்தது.
குளம் வெடித்தது.
தடி வளைந்து என் விலாவில் குத்தியது.
இரண்டு கிலோ வரும். கரிய தலை,
கரையில் போட்டதும் நெளிந்து நெளிந்து
தண்ணீர் இருக்கும் திசைக்குச் சரியாகத் திரும்பியது.
இலியாஸ் செல்போனில் படம் எடுத்தான்.
படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பு அதே இடத்தில் சுற்றியது.
பிறகு நீண்டது.
பிறகு இரண்டாகப் பிரிந்தது.
கூரை மேல் நீர்க்காகம் சிறகை மடக்கியது.

"தகப்பன் இருக்குமில்ல?" என்றேன்.
"இருக்கும்" என்றான், நரம்பைச் சுற்றியபடி.

தேவு மோட்டாரைப் போட்டுவிட்டு
எங்களைத் தாண்டிப் போனாள்.
எதுவும் சொல்லவில்லை.

சோதனைச் சாவடியில்
சாக்கில் என்ன என்றார் காவலர்.
எந்த மொழியில் சொல்வதென்று நான் தடுமாற
ஈரச் சாக்கு தானாகத் துள்ளியது.
நீர்விட்டு இரண்டு மணி நேரம், இன்னும் உயிர்.
"வரால்" என்று அவரே சொல்லிக்கொண்டு
போகச் சொல்லிக் கையசைத்தார்.

குழம்பு நன்றாக இருந்தது.
பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிறும் போனோம்.
ரப்பர் தவளையின் ஒரு கொக்கியை
முந்தின இரவே வெட்டியிருந்தேன்.
இலியாஸுக்குச் சொல்லவில்லை.
கோரைப் பக்கம் பார்க்காமல்
எதிர்க்கரை நோக்கியே வீசிக்கொண்டிருந்தேன்.
ஆள்காட்டி
ஆளை மறக்கவில்லை.