அறுபத்தெட்டில் நாற்பத்தொன்று

"பின்னணியில் புதுப்பிக்கப்படுகிறது.
நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம்"
என்கிறது மஞ்சள் பட்டை.
இருபத்திரண்டு நாளாய் என் வேலையே
அதைப் பார்ப்பதுதான்.

அறுபத்தெட்டில் நாற்பத்தொன்று முடிந்தது.
நேற்றும் நாற்பத்தொன்று.
மணலுக்கடியில் பாலாறு ஓடுகிறது என்பார்களே,
அப்படி ஓர் ஓட்டம்.

ரங்காபுரம், செல்போன் கடைக்கு மேல்மாடி,
கத்திரி பிறந்த வாரம், தகரக் கூரை.
கமர் லாட்ஜின் வெப்சைட்டுக்கு ஐந்து வாய்.
தமிழ், ஆங்கிலம், இந்தி, தெலுங்கு நாலும்
புது நம்பரைச் சொல்லப் பழகிவிட்டன.
வங்காளம் மட்டும்
போன வருஷத்து நம்பரை விடாமல் பிடித்திருக்கிறது.
முப்பது மணி நேரம் ரயிலில்
ஸ்கேன் ரிப்போர்ட்டை மடியில் வைத்து வருகிறவர்கள்
அந்தப் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள்.

இம்தியாஸ் பாய் திட்டுகிறவர் இல்லை.
"டீ சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு
போனை வைக்காமல் இருப்பார்.
திட்டே தேவலாம்.

கேஷைக் காலி செய்தேன்.
மற்ற ப்ளகின்களை ஒவ்வொன்றாய் அணைத்து ஏற்றினேன்,
எந்த ஸ்விட்சுக்கு எந்த விளக்கு என்று
புதுசாய்க் குடிவந்தவள் தேடுவதுபோல.
டேட்டாபேஸில் ஒரு வரி கிடந்தது:
வேலை நடக்கிறது, யாரும் தொடாதே.
எழுதிய வேலை என்றைக்கோ செத்திருந்தது.
ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடித்துவிட்டு
பஸ்ஸே ஏறாமல் போனவன் மாதிரி.
துண்டை எடுத்து எறிந்தேன், கையால் தள்ளினேன்.
நாற்பத்திரண்டு!
நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.
அது நாற்பத்திரண்டில் உட்கார்ந்துகொண்டது.

ராத்திரி பதினொன்றே கால்.
அந்தப் பழைய நம்பரைக் கூப்பிட்டேன்.
இப்போது யாரிடம் இருக்கிறதோ,
மன்னிப்பாவது கேட்கலாம்.
எடுத்த குரல் முந்திக்கொண்டது:
"ஆசே, ரூம் ஆசே. நம்பர் லிக்கோ..."

கன்னியப்பன். குடியாத்தத்தில் வெல்டிங் பட்டறை.
"மொதல்ல ராங் நம்பர்னு வெச்சிடுவேம்மா.
ஒரு நாளு ஒரு பொம்பள.
இன்னா பாஷைனே தெரியல, அழுவுறது தெரிஞ்சிது.
எம்பொண்ணு தமிழ்ப் பக்கத்துல தேடி
கரெக்ட் நம்பர சொவுத்துல
சாக்பீஸால எழுதிக் குடுத்துச்சி.
பூனாவுல கேட்டு வேலைக்கிப் போயிருந்தேன்,
ஏக் தோ தீன் வரும். அத வெச்சி ஓட்டிக்கினு கீறேன்."
எத்தனை பேருக்கு?
"எண்ணல. இன்னிக்கி ஒம்போது."

மஞ்சள் பட்டை சொன்னது
முழுப்பொய் இல்லை.

போனை வைத்து லாகை மறுபடி திறந்தேன்,
இந்த முறை அடியிலிருந்து மேலாக.
நானூற்றொன்று. அனுமதி இல்லை.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு நானூற்றொன்று.
தட்டியது திருடன் இல்லை.
சர்வர், தன் வீட்டுப் பின்வாசலை,
தானே.
சித்திரை பிறந்த மறுநாள்
எவனோ நுழையப் பார்க்கிறான் என்று
அட்மின் ஃபோல்டருக்கு ஒரு கடவுச்சொல் போட்டேன்.
உள்ளே அப்டேட் நடந்துகொண்டிருந்தது.
போட்டவள் நான். மூன்று வாரமாய்
ப்ளகின் கம்பெனியைத் திட்டிய வாயும் இதுதான்.
அந்த நாற்பத்திரண்டாவது,
சாவி வைத்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு
தாண்டிப் போயிருக்கிறது.

ஒரே ஒரு ஃபைலுக்கு விலக்கு. நாலு வரி.
நாற்பத்து மூன்று. ஐம்பது. அறுபது.
அறுபத்தேழில் நின்று யோசித்தது, பாவி.
அறுபத்தெட்டு.

மறுநாள் கன்னியப்பனிடம் சொன்னேன்,
இனி போன் வராது என்று.
கிரைண்டர் சத்தம் அடங்கும்வரை பேசவில்லை.
"சொவுத்துல எழுதினத அழிச்சிடவா?"

ரெண்டு நாள் இருக்கட்டும் என்றேன்.
சில பேர் போனில்
பழைய பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.