நாற்பது, எண்பது, நூற்றிருபது

வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான்:
தரையை நீயே பார்த்துக்கொள்,
ஆறு மாதம் இருநூறு வெள்ளி குறைத்துக் கொடு.

பினாங்கு, கிங் ஸ்திரீட், மாடி வீடு.
கையகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான செங்கால் பலகைகள்.
மேலே யாரோ பூசிய மண்நிறச் சாயம்,
அதன்மேல் எப்போதோ கிழித்தெறிந்த விரிப்பின் பசை,
பசையில் அப்பிய நாளிதழ் மை:
வலமிடம் மாறிய எழுத்தில் ரப்பர் விலை.

முதல் இரண்டு நாளும் ஆணிகள்தான்.
ஒவ்வொன்றையும் தலையில் தட்டி
மரத்துக்குள் இறக்கவேண்டும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
எண்ணாமல் விட்ட ஒன்று
சனிக்கிழமை காலையில் மணல்தாளைக்
குறுக்கே கிழித்தது.
ஒரு தாள் ஒன்பது வெள்ளி.

வாடகை இயந்திரம் ஒரு முரட்டுக் கன்று.
கயிற்றைத் தளர்த்தினால்
ஒரே இடத்தில் மேய்ந்து குழி பறிக்கும்.
மரத்தின் ரேகையோடு நடந்துகொண்டே இருக்கவேண்டும்.
நாற்பதாம் நம்பர் தாள், பிறகு எண்பது,
பிறகு நூற்றிருபது.
கரடுமுரடில் தொடங்கித்தான் வழவழப்புக்கு வரமுடியும்
என்று தோன்றியது.
இதைத் தத்துவமாக்காதே என்று
எனக்கே சொல்லிக்கொள்வதற்குள் தும்மல்.

எண்பதில் சாம்பல் போனது.
நூற்றிருபதில்
பால் ஊற்றாத தேநீரின் நிறம்.

ஞாயிறு மதியம் கீழ்க்கடை தியோ படியேறி வந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
கோப்பிக் குவளையை நீட்டிக் காட்டினார்.
அதில் மிதந்தது என் தரை.

அவர் காற்றாடி மோட்டார்களுக்குச்
செம்புக்கம்பி சுற்றுகிறவர். இரவில்தான் வேலை.
என் தரைதான் அவருக்குக் கூரை;
நடுவில் ஓர் அங்குல மரம், அதிலும் இடுக்குகள்.
நான் விளக்கணைத்ததும்
தரையில் பதினொரு வெளிச்சக் கோடுகள் எழும்.
அவர் நாற்காலியை நகர்த்தினால்
கட்டிலடியில் ஒன்று மறைந்து வரும்.
மார்ச் மாதத்தில் ஓர் இரவு நான் அழுதபோது
கீழே கம்பி சுற்றும் சத்தம் நின்றது.
நெடுநேரம் கழித்துத்தான்
மறுபடி சுற்றியது.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

"எல்லா இடுக்கையும் மூடுகிறாயா?"
பாசார் மலாயில் கேட்டார்.
ஆமாம், இனி தூசி விழாது என்றேன்.
"பாகுஸ்" என்றார்,
குவளையை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அரைத்த தூளையே பசையில் குழைத்து அடைத்தேன்,
நிறம் பொருந்த வேண்டுமே.
எண்ணெய் மூன்று பூச்சு.
எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக்கூடாது,
தானாகவே தீப்பிடிக்கும்;
பின்கட்டுக் கொடியில்
உள்பாவாடைக்குப் பக்கத்தில் விரித்துக் காயவைத்தேன்.

அன்றிரவு விளக்கை அணைத்தேன்.
தரை தரையாக மட்டும் இருந்தது.
முதல் வாரம் இரண்டு முறை
கட்டில் காலில் இடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி. நான்கு வாரமாக மழையில்லை.
மரம் உள்ளுக்குள் சுருங்கியிருக்கிறது.
அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே
பசை விரிந்து
மயிரிழையாய் ஒரு கோடு,
வெளிச்சத்தோடு.

மைலோ டப்பாவில் மீதிப் பசை இருக்கிறது.
மூடியைத் திறந்து பார்த்தேன், இன்னும் இறுகவில்லை.
திரும்ப மூடி, மேல்தட்டில் வைத்தேன்.

துணியை நனைத்து, பிழிந்து,
சொட்டுத் தண்ணீர் வராதபடி இன்னொரு முறை பிழிந்து,
ரேகையோடு துடைக்கிறேன்.
அதற்கு முன்னால் பெருக்கவேண்டும் அல்லவா,
துடைப்பத்தை எடுத்துச்
சன்னலோரம் இரண்டே இழுப்புத்தான் இழுத்தேன்.

கீழே
குவளையைத் தள்ளி வைக்கும் சத்தம்.